துறைமங்கலம்: ஒரு புறநகர்க் குடியிருப்பும் ஒரு புலவரின் ஊரடையும்

ஆய்வுச் சுருக்கம்

பெரம்பலூர் நகராட்சிக்குள் இன்று ஒரு குடியிருப்புப் பகுதியாக அடங்கியிருக்கும் துறைமங்கலம், தமிழிலக்கிய வரலாற்றில் சிவப்பிரகாசர் என்னும் 17ஆம் நூற்றாண்டுப் புலவரின் பெயருக்கு முன் நிற்கும் ஊராகும். அப்புலவர் பிறந்தது இவ்வூரில் அன்று. அவர் மிகுதியாகப் பாடிய தலமும் இதுவன்று. அவ்வாறாயின் இவ்வூர்ப்பெயர் அவரோடு ஏன் ஒட்டியது என்னும் வினாவிலிருந்து தொடங்கி, நெடுஞ்சாலை, புரவலர் குடி, மாவட்டப் பிரிவினை, மனைப்பிரிவு ஆகியவற்றின் ஊடாக ஒரு சிற்றூர் புறநகராக மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வழிச்செல்வோருக்கு இடமளித்தமையே இவ்வூரின் நீண்டகால இயல்பு என்பதும், அவ்வியல்பே இன்று இவ்வூர்ப்பெயரை மெல்ல மறைத்துவருகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: துறைமங்கலம், பெரம்பலூர், அரியலூர், சிவப்பிரகாசர், திருவெங்கை, புறநகர், ஊர்ப்பெயராய்வு.

முன்னுரை

புறநகரின் வரலாற்றை எழுதுவோர் தமிழில் குறைவு. கோயிலுள்ள ஊருக்குத் தலபுராணம் உண்டு. கோட்டையுள்ள ஊருக்குப் போர் வரலாறு உண்டு. நகரத்துக்கு நகராட்சி மலர் உண்டு. நகரின் விளிம்பில் வீடுகளாக மட்டும் பரந்துகிடக்கும் பகுதிக்கு இவற்றுள் எதுவும் வாய்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. அந்நாட்டு நகரங்களில் புறநகர் என்பது அரசிதழில் பெயரும் எல்லையும் அறிவிக்கப்பெற்ற முகவரி அலகு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதற்கெனவே 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த இடப்பெயர் வாரியம் ஒன்று உள்ளது. குடிக்கணக்கெடுப்பு விவரங்களும் புறநகர்தோறும் தனித்தனியே வெளியிடப்படுகின்றன. எனவே நூறு தெருக்கள் கொண்ட ஒரு சிறுபகுதிக்கும், அங்கு யார் எப்போது வந்து குடியேறினர், எம்மொழி பேசுகின்றனர் என்னும் வரலாறு எழுத முடிகிறது. சிட்னியின் மேற்குப் புறநகர்களில் குடியேறிய ஈழத்தமிழரின் பரவலை ஆய்வாளர்கள் எளிதில் காட்ட முடிவதும் இதனாலேயே.

நம்மிடம் புறநகர் என்பது பேச்சுவழக்கு. வருவாய்க் கிராமம் ஒன்று, நகராட்சி வார்டு வேறொன்று, பேருந்து நிறுத்தத்தின் பெயர் மற்றொன்று, மனை விற்றவர் வைத்த பெயர் இன்னொன்று என ஒரே நிலத்தின்மீது நான்கு பெயர்கள் கிடக்கின்றன. இந்நான்கனுள் எது ஊரின் பெயர் என்னும் வினாவே புறநகர் வரலாற்றின் முதல் வினா. துறைமங்கலத்தை இவ்வாய்வுக்குத் தேர்ந்தமைக்குக் காரணம், நான்கோடு ஐந்தாவதாக ஓர் இலக்கியப் பெயராகவும் அது வாழ்வதுதான்.

ஊரடையும் பிறந்த ஊரும்

தொல்காப்பியம் உயர்திணைப் பெயர்களை எண்ணுமிடத்து நிலப்பெயரை முதலில் வைக்கிறது. சங்கப் புலவர் பெயர்களில் உறையூரும் மதுரையும் அடையாக வருவதைக் காண்கிறோம். ஆயினும் ஊரடை என்பது எப்போதும் பிறப்பிடத்தைக் குறிப்பதன்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளை பிறந்தது திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில். மாயூரம் அவர் முன்சீப்பாகப் பணியாற்றிய ஊர். பணியிடமோ புகலிடமோ பெயரோடு ஒட்டிக்கொண்டு பிறப்பிடத்தைப் பின்தள்ளிவிடும் வழக்கம் நம்மிடம் வலுவாகவே இருந்துள்ளது.

சிவப்பிரகாசர் காஞ்சிபுரத்தில் வீரசைவ மரபினரான குமாரசுவாமி தேசிகரின் மகனாகப் பிறந்தவர். வேலையர், கருணைப்பிரகாசர் என்னும் தம்பியர் இருவரும் ஞானாம்பிகை என்னும் தங்கையும் அவருடன் பிறந்தோர். தந்தை மறைந்தபின் திருவண்ணாமலைக்குச் சென்று, அங்கு மலையை வலம்வந்தபோது சோணசைலமாலையைப் பாடினார் என்பது அவர்தம் வரலாறு கூறும் செய்தி. இலக்கணம் கற்கும் வேட்கையால் அங்கிருந்து தெற்கே திருநெல்வேலியை நோக்கிப் புறப்பட்டவர், இடைவழியில் துறைமங்கலத்து அண்ணாமலை ரெட்டியாரின் வேண்டுகோளுக்கு இணங்கித் தங்கினார். சிலநாள் தங்கவந்தவரை ஈராண்டுக்காலம் அப்புரவலரின் அன்பு நிறுத்திவைத்தது. பின்னர் வழிச்செலவுக்கென முந்நூறு பொன் தந்து அவர் வழியனுப்பினார்.

இதன் பின்னுள்ள நிகழ்ச்சிகள் தமிழாசிரியர் பலரும் வகுப்பறையில் சுவைபடச் சொல்பவை. தாமிரபரணிக் கரையில் சிந்துபூந்துறையில் இருந்த வெள்ளியம்பலவாணத் தம்பிரானை அடைந்து, அவர் வைத்த வெண்பாச் சோதனையில் வென்று, பதினைந்தே நாளில் ஐந்திலக்கணமும் கேட்டு முடித்தார். கையிலிருந்த முந்நூறு பொன்னையும் ஆசிரியர்முன் வைத்தார். தம்பிரான் பொன்னை விரும்பாமல், திருச்செந்தூரில் தம்மை இகழ்ந்துவந்த புலவர் ஒருவரை வென்றுவருமாறு கேட்டார். அவ்வழக்கிலிருந்து பிறந்ததே உதடு ஒட்டாத எழுத்துகளால் ஆன திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி. கதையின் நாயகர் புலவரும் ஆசிரியருமாக இருப்பதால் நாம் கவனியாது விடுவது அந்த முந்நூறு பொன்னை. திருநெல்வேலிவரை சென்று ஆசிரியரின் காலடியில் வைக்கப்பட்ட அப்பொன் துறைமங்கலத்து மண்ணில் விளைந்தது.

இவ்வரலாற்றில் ஒரு முரண் உண்டு. வாலிகண்டபுரத்துக்கு வடமேற்கே உள்ள திருவெங்கையில்தான் ரெட்டியார் அவருக்கு மடம் அமைத்துத் தந்தார் என்பர். அத்திருவெங்கை இன்று வேப்பந்தட்டை வட்டத்திலுள்ள வெங்கனூர். திருவெங்கைக் கோவை, திருவெங்கைக் கலம்பகம், திருவெங்கையுலா, திருவெங்கை அலங்காரம் என நான்கு நூல்கள் அத்தலத்தின்மேல் பாடப்பட்டுள்ளன. துறைமங்கலத்தின் பெயரைத் தலைப்பில் தாங்கிய நூலாக ஒன்றும் அவ்வரிசையில் இல்லை. பாடல் பெற்ற ஊர் ஒன்று, பெயர் பெற்ற ஊர் மற்றொன்று. மடமிருந்த ஊரும் பாடிய ஊரும் ஒன்றாயிருக்க, அவரை ‘வெங்கைச் சிவப்பிரகாசர்’ என்றல்லவா மரபு வழங்கியிருக்க வேண்டும்?

நெடுஞ்சாலையும் புரவலரும்

இவ்வினாவுக்கு விடை நிலவியலில் உள்ளது எனக் கருதலாம். வெங்கனூர் பச்சைமலைப் பக்கத்து உள்நாட்டூர். துறைமங்கலமோ வடக்கிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியை ஒட்டியது. இப்பெருவழியின் பழைமையைக் காட்ட அதன்மீது நிற்கும் இடங்களே போதும். பெரம்பலூருக்கு வடக்கே வாலிகண்டபுரம். அதற்கும் வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டை. 1751இல் சந்தாசாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறமும், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறமுமாக மோதிய வாலிகொண்டாப் போர் இவ்வட்டாரத்திலேயே நிகழ்ந்தது. படை செல்லும் வழியே வணிகரும் புலவரும் செல்லும் வழி.

சிவப்பிரகாசர் வாழ்ந்ததாகக் கொள்ளப்படும் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வட்டாரம் பீசப்பூர் ஆட்சியின் கீழ் இருந்தது. வாலிகொண்டாபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ஷேர்கான் லோடி ஆளுநராக இருந்தார். 1670களில் பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரியில் இடமளித்தவர் அவரே. 1677இல் சிவாஜியின் படையெடுப்பில் அவர் தோற்று, அரியலூர்ப் பாளையத்துக் காடுகளில் அடைக்கலம் தேட நேர்ந்தது. ஆட்சி இவ்வாறு ஆண்டுக்கு ஆண்டு கைமாறிய சூழலில், அரசவைப் புலவர் என்னும் நிலை இப்பகுதியில் எவருக்கும் நிலைக்க வழியில்லை. அரசு தளர்ந்த இடத்தில் ஊர்த்தலைவர்கள் புரவலராயினர். அண்ணாமலை ரெட்டியாரை ‘வள்ளல்’ என்று மட்டும் போற்றி நிறுத்திவிடுவது அவரது காலத்தைக் காணத் தவறுவதாகும்.

இச்சூழலின் பன்மொழித் தன்மையும் கவனத்துக்குரியது. விசயநகர, நாயக்கர் காலங்களில் தமிழகத்தின் கரிசல் நிலங்களில் குடியேறிய தெலுங்கு வழியினர் ரெட்டியார் குடியினர். அக்குடிப் புரவலரின் ஆதரவில் வாழ்ந்த தமிழ்ப் புலவர், 15ஆம் நூற்றாண்டில் கன்னடத்தில் சாமரசர் இயற்றிய நூலைப் பிரபுலிங்கலீலையாகத் தமிழில் தருகிறார். வாலிகொண்டாபுரத்தில் ஆப்கானிய வழி ஆளுநர். கடற்கரையில் பிரெஞ்சுக்காரர். இத்தனை மொழிகள் புழங்கிய இடத்தை நாம் ‘பின்தங்கிய வறண்ட மாவட்டம்’ என்னும் அரசு அறிக்கைத் தொடரால் அறிமுகப்படுத்திப் பழகிவிட்டோம்.

மேற்கூறிய முரணுக்கு வருவோம். வெங்கை வழிபாட்டூர், துறைமங்கலம் வாழ்வூர். புலவரைத் தேடிவருவோருக்கு வழிகாட்ட வேண்டுமெனில் பெருவழியில் உள்ள ஊரையும், அவ்வூரில் எல்லோரும் அறிந்த வீட்டையும்தான் சொல்லியிருப்பர். வெங்கை அவரது நூல்களின் ஊராக, துறைமங்கலம் அவரது முகவரியாக நிலைத்தது. மதுரைச் சிவப்பிரகாசர் என்னும் முற்பட்ட உரையாசிரியரிடமிருந்து இவரைப் பிரித்தறியவும் இவ்வடை பயன்பட்டது. பின்னர் அச்சு வந்தபோது, நூல்களின் முகப்பேடுகள் ‘துறைமங்கலம்’ என்னும் அடையோடு இவர் பெயரை வெளியிட்டன. நாற்பது வெண்பாக்களால் ஆன நன்னெறி திண்ணைப்பள்ளியிலும் பின்னர்ப் பாடநூலிலும் இடம்பெற்றதால், பெரம்பலூர் எங்கிருக்கிறது என்று அறியாத சிறுவரும் துறைமங்கலம் என்னும் பெயரை அறிந்தனர்.

இங்கு ஒரு வழக்காற்றைத் திருத்துவது தேவை. சிவப்பிரகாசர் வீரமாமுனிவரோடு வாதிட்டு வென்றார் என்றும், அதன்பொருட்டு ஏசுமத நிராகரணம் இயற்றினார் என்றும் கூறுவதுண்டு. வீரமாமுனிவர் தமிழகம் வந்தது 1711ஆம் ஆண்டளவில். அவர் நெடுங்காலம் பணியாற்றிய ஏலாக்குறிச்சி இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையருகே உள்ளது. சிவப்பிரகாசர் முப்பத்திரண்டு வயதில் நல்லாற்றூரில் மறைந்தார் என்பதே மரபு. 17ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்றுவிட்ட ஒருவர் முப்பத்திரண்டு வயதுக்குள் வாழ்ந்து மறைந்திருப்பின், 1711க்குப் பின் வாதத்துக்கு வந்திருத்தல் இயலாது. ஊர்கள் இரண்டும் அருகருகே இருந்தமையே காலங்களையும் அருகருகே வைத்துக் கதை புனையத் தூண்டியிருக்கலாம். சமய வாதமாக இதனை வளர்த்தோர் ஆண்டுக்கணக்கை ஒருமுறை கூட்டிப்பார்த்திருந்தால் போதும்.

மரபின் தொடர்ச்சி

அண்ணாமலை ரெட்டியாரைத் தனித்ததோர் விதிவிலக்காகக் கொள்ள வேண்டியதில்லை. உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 19ஆம் நூற்றாண்டின் இதே வட்டாரத்தை நமக்குக் காட்டுகிறது. அரியலூரிலும் குன்னத்திலும் அவரது இளமை கழிந்தது. அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் தமிழ்ச்சுவை அறிந்தார். பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடம் கேட்டார். பின்னாளில் குடும்பக் கடன் தீரும்பொருட்டுக் காரை என்னும் ஊரில் அவர் திருவிளையாடற் புராணம் படித்துப் பொருள்சொன்னபோது ஆதரித்தவர் கிருஷ்ணசாமி ரெட்டியார். துறைமங்கலம், செங்கணம், காரை ஆகிய மூன்றும் இன்றைய பெரம்பலூர் மாவட்டத்து ஊர்கள். இருநூறு ஆண்டு இடைவெளியிலும் வழிவந்த தமிழ் மாணாக்கனுக்குச் சோறும் இடமும் பாடமும் தரும் வழக்கம் இக்குடிகளிடம் அறுபடாமல் இருந்தது.

செங்கணத்து ஆசிரியரின் ‘விருத்தாசலம்’ என்னும் பெயரும் ஒரு தடயம். விருத்தாசலம் பழமலை என்பதன் வடமொழியாக்கம். திருவெங்கையில் கோயில்கொண்ட இறைவரும் பழமலைநாதர். மணிமுத்தாற்றங்கரையிலுள்ள விருத்தாசலத்து இறைவரையே தம்மூரில் எழுந்தருளச் செய்தனர் என வெங்கனூர்க் கோயில் பற்றி வழங்கும் செய்தியோடு இதனை வைத்து நோக்கினால், ஒரு வழிபாட்டு மரபு ஆட்பெயர்களிலும் பரவியிருந்ததை உணரலாம்.

இருப்புப்பாதை வராத ஊர்

பெரம்பலூர், அரியலூர் என்னும் இரட்டை ஊர்களின் புறநகர் வளர்ச்சி வேறுபட்டதற்கு இருப்புப்பாதையே முதற்காரணம். 1920களின் பிற்பகுதியில் விழுப்புரத்தையும் திருச்சிராப்பள்ளியையும் நேர்வழியில் இணைத்த பாதை அரியலூர் வழியே சென்றது, பெரம்பலூரைத் தொடவில்லை. இன்றளவும் பெரம்பலூர் நகருக்கு இரயில் நிலையம் இல்லை. எனவே அரியலூரின் விளிம்புகள் தண்டவாளத்தையும் சுண்ணாம்புக்கல்லையும் சார்ந்து வளர்ந்தன. 1979இல் தமிழ்நாடு அரசின் சிமெண்ட் ஆலை அங்கு உற்பத்தியைத் தொடங்கியது. தனியார் ஆலைகளும் தொடர்ந்தன. ஆலைக் குடியிருப்புகள் உருவாயின. அதற்கு முன்னரே அரியலூரை ஒட்டி வாலாஜாநகரம் என்னும் ஊர் இருந்தது. 1760களின் நடுவில் அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களைக் கைப்பற்றிய நவாபு முகமது அலி வாலாஜாவின் பட்டப்பெயரை அவ்வூர் தாங்குகிறது. வெற்றியாளர் பெயரோடு ‘நகரம்’ சேர்த்து ஊரமைக்கும் வழக்கத்தை மனை வணிகர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

பெரம்பலூருக்கு வாய்த்தது சாலை மட்டுமே. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகிய மூன்றும் சாலைவழியே வெளியேறின. சாலைவழியே வட்ட அலுவலகத்துக்கு மக்கள் வந்தனர். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வட்டத் தலைமையிடம் என்னும் நிலையில் பெரம்பலூர் நெடுங்காலம் இருந்தது. அக்காலத்தில் துறைமங்கலம் அடுத்த ஊர். இடையே வயலும் ஏரியும் கிடந்தன.

துறைமங்கலம் புறநகரானது

1995ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது பெரம்பலூர் மாவட்டத் தலைநகராயிற்று. அதன்பின் நிகழ்ந்த எல்லை மாற்றங்கள் சற்று வியப்பூட்டுபவை. 2001 சனவரி 1ஆம் நாள் அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2002 மார்ச்சில் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23ஆம் நாள் மறுபடியும் பிரிந்தது. ஏழாண்டுக்குள் மும்முறை மாவட்டம் மாறிய மக்கள், இருந்த இடத்தை விட்டு ஓரடியும் நகரவில்லை. 2011 குடிக்கணக்கில் 5,65,223 பேரோடு பெரம்பலூர் மாநிலத்திலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டமாக இருந்தது. நகரவாசிகள் அதில் ஏறத்தாழ 17 விழுக்காடு; அரியலூர் மாவட்டத்தில் அதுவும் 11 விழுக்காடே. மாநில அளவில் அது 48 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது.

இவ்வெண்களைக் கொண்டு இங்கே நகரமயமாதல் இல்லை எனத் துணிவது பிழை. நகரமயமாதல் ஒரே இடத்தில் குவிந்தது என்பதே சரியான பொருள். மாவட்டத்துக்கென அமைந்த அத்தனை அலுவலகங்களுக்கும் ஊழியர் வேண்டும். ஊழியருக்கு வீடு வேண்டும். ஊழியரின் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும். பழைய பெரம்பலூரின் கடைவீதியும் நெருக்கமான தெருக்களும் இவர்களைக் கொள்ளவில்லை. துறைமங்கலம் கைக்கெட்டும் தொலைவில், புறவழிச்சாலையை ஒட்டிக் கிடந்தது. 2000களின் பிற்பகுதியில் அச்சாலை நான்குவழியாக அகன்றபோது, அதன் ஓரத்து மேட்டு நிலம் மனையாயிற்று.

மாறுதல் ஆணையோடு வந்து மூன்றாண்டு வாடகைக்கு இருந்து, பிறகு இடம்வாங்கி வீடு கட்டித் தங்கிவிடும் ஆசிரியரும் எழுத்தரும் மாவட்டத் தலைநகரங்களின் புறநகர்கள் அனைத்திலும் உண்டு. ஈராண்டு தங்கிப்போன புலவரை எண்ணும்போது இது புதிதாகத் தோன்றவில்லை. வேறுபாடு ஒன்றே. அன்று வந்தவர் ஊரின் பெயரைத் தம் பெயர்முன் சூடிக்கொண்டார். இன்று வருவோர் தாம் குடியேறும் இடத்துக்குப் புதுப்பெயர் சூட்டுகின்றனர்.

இன்னொரு செய்தியும் சுவையானது. இச்சாலைக்கு இப்போதைய எண் தேசிய நெடுஞ்சாலை 38. வேலூரில் தொடங்கித் திருவண்ணாமலை, விழுப்புரம், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி, மதுரை வழியாகத் தூத்துக்குடியை அடைகிறது. சிவப்பிரகாசர் சோணசைலத்திலிருந்து பொருநைக் கரைக்கு நடந்த திசையை இவ்வளவு நெருக்கமாகப் பின்பற்றும் வேறொரு சாலை எண் இல்லை. எண்ணிட்ட பொறியாளர்கள் இதனை அறிந்திருக்க மாட்டார்கள்.

பெயரின் இடம்

துறை என்பது நீர்த்துறை. மங்கலம் என்பது இடைக்கால ஊர்ப்பெயர்களில் மிகுதியாகக் காணப்படும் ஈறு. சதுர்வேதிமங்கலம் எனப்பட்ட பிரமதேயங்களை இவ்வீறு நினைவூட்டினும், மங்கலம் என முடியும் ஊர்கள் யாவும் பிரமதேயங்கள் அல்ல. நீர்த்துறைக்கு உரிய நீர் இவ்வூரில் ஏரியாகத் தேங்குகிறது. வற்றாத ஆறு இல்லாத இந்நிலத்தில் பச்சைமலைப் பக்கத்து மழைநீரை ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் கொண்டுசெல்லும் சங்கிலி அமைப்பே வேளாண்மைக்கு அடிப்படை. சங்கிலியின் ஒரு கண்ணி தூர்ந்தாலும் கீழுள்ள ஊர் காய்கிறது அல்லது மூழ்குகிறது. சென்னையில் 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியை வற்றச்செய்து தியாகராயநகரை உருவாக்கிய வரலாறு நமக்கு உண்டு. அங்கு ஏரியும் போயிற்று, மாம்பலம் என்னும் பெயரும் ஒரு பாதியாகச் சுருங்கிற்று. துறைமங்கலத்தில் ஏரி இன்னும் இருக்கிறது. பெயரில் உள்ள துறைக்குப் பொருள் சொல்ல அது ஒன்றே எஞ்சியுள்ளது.

பேச்சுவழக்கில் நிலைமை வேறாகிவிட்டது. பேருந்தில் இறங்குவோர் ‘மூன்று ரோடு’ என்றும் ‘நான்கு ரோடு’ என்றும் சீட்டு வாங்குகின்றனர். நீர்த்துறையால் பெயர்பெற்ற ஊர், சாலைகள் பிரியும் எண்ணிக்கையால் அறியப்படுகிறது. பெருவழியால் புகழடைந்த ஊரின் பெயரைப் பெருவழியே தின்றுவிட்டது எனச் சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் மக்கள்மீது குறைகூற இதில் ஒன்றுமில்லை. இறங்க வேண்டிய இடத்தை அவர்கள் சரியாகவே சொல்கின்றனர்.

பெயர் பறிபோவதைப் பொறுக்காது போராடிய ஊர் தொலைவில் இல்லை. அரியலூரிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் அதே இருப்புப்பாதையில் கல்லக்குடி உள்ளது. 1939இல் அங்கு நிறுவப்பட்ட சிமெண்ட் ஆலையின் உரிமையாளர் பெயரால் டால்மியாபுரம் எனப்பட்ட நிலையத்தின் பெயரை மாற்றக் கோரி, 1953 சூலை 15ஆம் நாள் மு. கருணாநிதி தலைமையில் திராவிட முன்னேற்றக் கழகத்தினர் மறியல் செய்தனர். தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த அந்நிகழ்ச்சி தமிழக அரசியலின் திருப்பங்களுள் ஒன்று. கல்லக்குடியில் பெயரை மாற்றியவர் யார் என்பது தெளிவாக இருந்தது. எனவே எதிர்க்கவும் முடிந்தது. புறநகரில் பெயரை மாற்றுபவர் என ஒருவரைச் சுட்ட இயலாது. ஒரு மனைப்பிரிவின் வளைவுப் பலகை, ஒரு நிறுத்தத்தின் பெயர், கூரியர் முகவரியில் விட்டுப்போன ஒரு சொல் எனப் பலர் சேர்ந்து, எவரும் எண்ணாமலே, செய்யும் செயல் அது.

இத்தகைய பகுதியின் வரலாற்றை எழுதப்புகும் ஆய்வாளர் கல்வெட்டைத் தேடிக் களைத்துப்போவதைவிட, கிரையப் பத்திரத்தைப் புரட்டுவது பயன்தரும். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடைவிதித்தது. அதன்பின் 2017இல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20ஆம் நாள் அல்லது அதற்குமுன் பதிவான மனைகளுக்கு வழிசெய்தன. அதன் விளைவாக மாநிலம் முழுவதும் ஏராளமானோர் தம் மனையின் மூலப்பத்திரம், பட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் தேடி எடுத்து அடுக்கிவைத்தனர். வரலாற்றாய்வாளர் எவரும் கேட்டுப் பெற்றிருக்க முடியாத ஆவணத் தொகுப்பு இது. வீட்டு அலமாரிகளில் நெகிழித்தாள் உறைகளுக்குள் கிடக்கிறது.

அப்பத்திரங்களின் முகவரிப் பகுதியில் ஏதேனும் ஒரு நகரின் பெயர் இருக்கும். கடைசித் தாளில் சொத்து விவரம் எழுதும்போது மட்டும் எழுத்தர் பழைய முறைக்குத் திரும்பிவிடுவார். பதிவு மாவட்டம், சார்பதிவகம், கிராமம், புல எண், அதன்பின் நான்கெல்லை சொல்லும் செக்குபந்தி. வடக்கே யாருடைய மனை, கிழக்கே எந்தப் பாதை, தெற்கே எந்த வாய்க்கால் என்னும் வரிசையில் ஏரிக்கரையும் களமும் புறம்போக்கும் பெயரோடு வரும். இன்று தார்ச்சாலையாகிவிட்ட வண்டிப்பாதை அங்கே இன்னும் வண்டிப்பாதையே. அதே பகுதியில், புலவரைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் கையால், கிராமத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும்: துறைமங்கலம்.